ஆற்றூர்த் துஞ்சிய இருவர்

நுழையும் முன்

மாணவர்களே! வருகைப் பதிவேட்டில் "வேங்கடேசன்" என்னும் பெயர் வாசிக்கப்படும்போது உங்கள் வகுப்பில் எத்தனை குரல்கள் "உள்ளேன் ஐயா" என்று ஒலிக்கின்றன? திருவேங்கட மலையின் நிழலில் வாழும் நமக்கு இது புதிதன்று. வேங்கடேசன், வேங்கடரமணன், சீனிவாசன், பாலாஜி, பத்மாவதி என்னும் பெயர்கள் நம் தெருவெங்கும் நிறைந்துள்ளன. ஆசிரியர் முன்னெழுத்தைச் சேர்த்து அழைத்து ஒருவரை மற்றவரிலிருந்து பிரித்தறிவார். தெலுங்கு பேசும் நண்பர்களோ 'இண்டி பேரு' என்று தாம் வழங்கும் இல்லப்பெயரை முன்னிட்டுக் கூறுவர். வகுப்பறையில் எழும் குழப்பம் இவ்வாறு ஒரு நொடியில் தீர்ந்துவிடும்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்களின் பெயர்களில் இத்தகைய குழப்பம் நேர்ந்தால் என் செய்வது? எழுந்து நின்று "அவன் நான் அல்லேன்" என்று சொல்ல அவர்கள் இல்லை. ஒருவர் வென்ற போரை இன்னொருவர் கணக்கில் எழுதினாலும், ஒருவர் எடுப்பித்த கோயிலை இன்னொருவருக்கு உரிமையாக்கினாலும் மறுப்பார் எவருமிலர். நம் சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் இத்தகைய பெயர்ச் சிக்கல்கள் சில உள்ளன. அவற்றை இப்பாடத்தில் காண்போம்.

பாடம்

திருக்காளத்திக்கு அருகில் தொண்டமநாடு என்னும் சிற்றூர் உள்ளது. முன்னர்ச் சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2022 ஏப்ரல் 4 அன்று புதிய மாவட்டங்கள் அமைக்கப்பட்டபின் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. சோழர் கல்வெட்டுகளில் இதன் பெயர் தொண்டைமானாற்றூர். இங்குள்ள சிவன் கோயிலுக்குக் கோதண்டராமேச்சுரம் என்றும் ஆதித்தேச்சுரம் என்றும் பெயர்கள் உண்டு. ஆதித்தன் என்னும் சோழ மன்னன் இவ்வூரில் உயிர்நீத்தான். அவன் மகன் பராந்தகன், தன் தந்தையின் நினைவாக இக்கோயிலை எடுப்பித்தான். மன்னரை அடக்கம் செய்த இடத்தில் எழுப்பப்படும் இத்தகைய கோயிலைப் 'பள்ளிப்படை' என்பர்.

ஆதித்தன் என்ற பெயரைக் கேட்டவுடன் உங்களுள் பலருக்கு ஆதித்த கரிகாலன் நினைவுக்கு வந்திருப்பான். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' புதினமும் அதனை ஒட்டி வந்த திரைப்படங்களும் அவனை வீடுதோறும் அறிமுகம் செய்துவிட்டன. சதியால் கொல்லப்பட்ட அந்த இளவரசனின் பள்ளிப்படையே தொண்டமநாட்டில் இருப்பது என்று ஒருவர் எண்ணிவிடக்கூடும். அது பிழை. தொண்டைமானாற்றூரில் உயிர்நீத்தவன் முதலாம் ஆதித்தன். பல்லவ மன்னன் அபராசிதனை வென்று தொண்டை மண்டலத்தைச் சோழ நாட்டுடன் இணைத்தவன் அவனே. அவன் மறைந்த ஆண்டு ஏறத்தாழ 907. ஆதித்த கரிகாலன் கொலையுண்டதோ ஏறத்தாழ 969இல். இருவருக்கும் இடையே அறுபது ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி உண்டு. முன்னவனுடைய பேரனின் பேரன் பின்னவன்.

அவ்வழிமுறையைச் சற்றே நோக்குவோம். முதலாம் ஆதித்தனின் மகன் முதலாம் பராந்தகன். பராந்தகனின் மக்களுள் ஒருவன் அரிஞ்சயன். அரிஞ்சயனின் மகன் சுந்தர சோழன். இவனுக்கு இரண்டாம் பராந்தகன் என்ற பெயரும் உண்டு. சுந்தர சோழனின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன், இளைய மகன் அருண்மொழி. இந்த அருண்மொழியே பின்னாளில் முதலாம் இராசராசன் ஆனான். பாட்டன் பராந்தகன், பேரன் பராந்தகன். பெயர்கள் தலைமுறை தாண்டித் திரும்பி வருவதைக் கண்டீர்களா?

இது தற்செயலன்று. பாட்டனின் பெயரைப் பேரனுக்குச் சூட்டுவது நம் நாட்டின் நெடிய வழக்கம். 'பேரன்' என்னும் சொல்லே அதற்குச் சான்று. 'பெயரன்' என்பதே 'பேரன்' என மருவிற்று. பாட்டனின் பெயரைத் தாங்கியவன் என்பது அதன் பொருள். உறவைக் குறிக்கும் சொல்லிலேயே பெயர் சூட்டும் வழக்கத்தைப் பொதிந்து வைத்திருக்கிறது தமிழ். மன்னர் குடிகளில் ஒரே பெயர் மீண்டும் மீண்டும் வருவதற்கு இவ்வழக்கமே பெருங்காரணம்.

நம் வட்டாரத்திலிருந்தே இன்னோர் எடுத்துக்காட்டு. குடிமல்லம் உள்ளிட்ட பகுதிகளை வாணர் என்னும் குறுநில மன்னர் ஆண்டு வந்தனர். முதலாம் பராந்தகன் வாணரை வென்று, 'வாணர் தலைவன்' என்னும் பட்டத்தைக் கங்க மன்னன் பிருதிவீபதிக்கு வழங்கினான். சித்தூருக்குத் தென்கிழக்கே உள்ள சோளிங்கரில் பராந்தகனின் 9ஆம் ஆட்சியாண்டுப் பாறைக் கல்வெட்டு இச்செய்தியைக் கூறுகிறது. அதாவது ஏறத்தாழ 916ஆம் ஆண்டு. ஆனால், பிருதிவீபதி என்னும் கங்க மன்னன் ஏறத்தாழ 880இல் திருப்புறம்பியப் போரில் அபராசிதன் பக்கம் நின்று போரிட்டு மாண்டான் என்றும் வரலாறு கூறுகிறது. இருவரையும் ஒருவராகக் கொண்டால், போர்க்களத்தில் மாண்ட ஒருவர் முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப்பின் பட்டம் பெற்றார் என்று எழுத நேரும்! உண்மையில் மாண்டவன் பாட்டன். பட்டம் பெற்றவன் பேரன்.

முதலாம் ஆதித்தன், இரண்டாம் ஆதித்தன் என்று எண்ணிட்டுச் சொன்னால் குழப்பம் தீர்ந்துவிடுமே என நீங்கள் கேட்கலாம். எண்ணிடுவது இக்கால வரலாற்றாசிரியர் வழக்கம். எந்த மன்னனும் தன்னை 'முதலாம்' என்று கல்லில் பொறித்துக்கொண்டதில்லை. தன் பெயரில் இன்னொருவன் வருவான் என்பதை அவன் எவ்வாறு அறிவான்? சோழர் கல்வெட்டுகள் பலவற்றில் மன்னனின் இயற்பெயரும் இராது. இராசகேசரி, பரகேசரி என்னும் இரு பட்டப்பெயர்களைச் சோழ மன்னர்கள் மாறி மாறிச் சூடினர். தந்தை இராசகேசரி எனின் மகன் பரகேசரி. 'கோப்பரகேசரிவர்மர்க்கு யாண்டு' என்று மட்டும் தொடங்கும் கல்வெட்டு எந்த மன்னனுடையது என்பதை அறிய, எழுத்தின் வடிவத்தையும் அதில் வரும் பிற பெயர்களையும் ஆராய்தல் வேண்டும்.

கல்வெட்டை எழுதியோர்க்கும் இவ்விடர்ப்பாடு தெரிந்தே இருந்தது. ஆதலின் பெயருக்கு முன்னே ஓர் அடைமொழியைச் சேர்த்தனர். 'மதிரை கொண்ட கோப்பரகேசரி' என்றால் மதுரையை வென்ற முதலாம் பராந்தகன். 'வீரபாண்டியன் தலை கொண்ட கோப்பரகேசரி' என்றால் ஆதித்த கரிகாலன். (அந்த வீரபாண்டியனும் 'சோழன் தலை கொண்ட' என்னும் பட்டத்தை உடையவன் என்பது வியப்பிற்குரியது. அக்காலத்து மன்னர்கள் பகைவரின் தலையால் தம் பெயரை அலங்கரித்துக்கொண்டனர்.)

மறைந்த மன்னரைக் குறிப்பிடும்போது அடைமொழி வேறு வகையில் அமைந்தது. அவர் எங்கு, எவ்வாறு மறைந்தார் என்பதே அடையாளமாயிற்று. 949இல் தக்கோலப் போரில் யானைமேல் இருந்தவாறே உயிர்நீத்த இராசாதித்தன், 'ஆனைமேற்றுஞ்சின தேவர்' எனப்பட்டான். காஞ்சிபுரத்துப் பொன்மாளிகையில் மறைந்த சுந்தர சோழன் 'பொன்மாளிகைத் துஞ்சின தேவர்' ஆனான். இராசாதித்தனின் தம்பி கண்டராதித்தன் 'மேற்கெழுந்தருளின தேவர்' எனப் பெற்றான்.

இது சோழர் புதிதாகக் கண்ட முறையன்று. புறநானூற்றின் அடிக்குறிப்புகளைப் பாருங்கள். இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறன் ஒருவன், சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன் மற்றொருவன், இருவரும் பாண்டியர். குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், குராப்பள்ளித் துஞ்சிய கிள்ளிவளவன் என்போர் சோழர். பெயர் ஒன்றாக இருப்பினும் மறைந்த இடம் வேறு. சங்கப் பாடல்களைத் தொகுத்தோர் இவ்வேறுபாட்டைக் குறித்து வைத்திராவிடின், இன்று நான்கு மன்னர்களை இருவராக நாம் சுருக்கியிருப்போம். எண்ணிடுவதைவிட இம்முறை மேலானது என்றே தோன்றுகிறது. எண் வரிசையை மட்டுமே சொல்லும். துஞ்சிய இடமோ அம்மனிதனின் வாழ்க்கையிலிருந்து ஒரு செய்தியையும் சேர்த்துச் சொல்லும்.

ஆயினும் இம்முறைக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைக் காட்டும் சான்று நம் வட்டாரத்தை ஒட்டியே இருக்கிறது.

சித்தூர் நகரின் வழியே ஓடும் நீவா ஆறு, தமிழ்நாட்டிற்குள் புகுந்தபின் பொன்னை ஆறு எனப் பெயர் பெறுகிறது. அதன் கரையில், மாநில எல்லையை அடுத்து, வேலூர் மாவட்டத்தில் மேல்பாடி என்னும் ஊர் உள்ளது. இன்று அமைதியான சிற்றூராகத் தோன்றும் மேல்பாடி, ஒரு காலத்தில் பேரரசர்களின் பாசறையாக விளங்கியது. இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணன் 959இல் மேல்பாடியில் தங்கியிருந்ததை அவனுடைய செப்பேடு கூறுகிறது. பின்னர் முதலாம் இராசராசன் அங்கு ஒரு கோயிலை எடுப்பித்தான். அக்கோயில் யாருக்காக எடுக்கப்பட்டது? 'ஆற்றூர்த் துஞ்சின தேவர்'க்குப் பள்ளிப்படையாக எடுக்கப்பட்டது என்று கல்வெட்டு கூறுகிறது.

இப்போது சற்று நின்று எண்ணிப் பாருங்கள். தொண்டமநாட்டில் உயிர்நீத்த முதலாம் ஆதித்தன் கல்வெட்டுகளில் எவ்வாறு குறிக்கப்படுகிறான் தெரியுமா? 'தொண்டைமானாற்றூர்த் துஞ்சின உடையார்' என்று! ஆற்றூரில் துஞ்சியவர் அவரும்தானே? அவ்வாறாயின் இராசராசன் மேல்பாடியில் பள்ளிப்படை எடுத்தது, தன் குல முதல்வருள் ஒருவனான முதலாம் ஆதித்தனுக்கா? பராந்தகன் ஏற்கெனவே ஒரு கோயில் எடுத்திருக்க, நூறு ஆண்டுகளுக்குப்பின் அதே மன்னனுக்கு இன்னொரு பள்ளிப்படை எதற்கு?

விடை, கோயிலின் பெயரில் இருக்கிறது. மேல்பாடிக் கோயிலின் பழைய பெயர் அரிஞ்சிகை ஈச்சரம். அரிஞ்சயனின் பெயரால் அமைந்தது அது. ஆகவே, மேல்பாடிக் கல்வெட்டு கூறும் 'ஆற்றூர்த் துஞ்சின தேவர்' அரிஞ்சயன் ஆவான். இராட்டிரகூடர் படையெடுப்பால் சோழ நாடு குலைந்திருந்த காலத்தில், ஏறத்தாழ 957இல், குறுகிய காலமே ஆண்டு மறைந்தவன் அவன். அவனுக்காகக் கோயில் எடுத்த இராசராசன் அவனுடைய மகனின் மகன், அதாவது பேரன். பகைவனின் பாசறை இருந்த அதே ஊரில் பாட்டனுக்குப் பேரன் நினைவுக் கோயில் எழுப்பினான். அந்தக் கோயிலில் நிற்கும்போது, இதனை முதலாம் ஆதித்தனுக்குரியது என்று எண்ணினால், இச்செய்தி முழுவதும் நம் கையிலிருந்து நழுவிவிடும்.

ஆற்றங்கரையில் அமைந்த எந்த ஊரும் ஆற்றூர் ஆகலாம். ஒரே பெயருடைய மன்னர் இருவர் இருப்பதுபோல், ஒரே பெயருடைய ஊர்களும் இருக்கும். ஆகவே அடைமொழி ஒன்றை மட்டும் நம்பாமல், கோயிலின் பெயர், எடுப்பித்தவன் பெயர், ஆட்சியாண்டு ஆகிய அனைத்தையும் ஒருங்கே வைத்துப் பார்ப்பர் கல்வெட்டறிஞர்.

பெயரை மாற்றிப் படித்தால் காலக்கணக்கு எத்துணைப் பிறழும் என்பதற்குத் திருமலையிலேயே ஒரு சான்று உண்டு. நாள்தோறும் இரவில் ஏகாந்த சேவை பெறும் போக சீனிவாசர் என்னும் வெள்ளித் திருமேனியை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதனை அளித்தவர் பல்லவ குலத்து அரசியாகிய சாமவை. அவருடைய கொடையைக் கூறும் தமிழ்க் கல்வெட்டு ஒரு மன்னனின் 14ஆம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பட்டது. அம்மன்னனைப் புகழ்பெற்ற பல்லவன் மகேந்திரவர்மன் எனக் கொண்டோர் அதன் காலம் 614 என்றனர். பிற்கால ஆய்வாளர் அதனைப் பத்தாம் நூற்றாண்டினதாகக் கொண்டனர். 966 என்னும் ஆண்டைப் பல நூல்கள் இன்று தருகின்றன. 614 எங்கே, 966 எங்கே! இரு கணக்குகளுக்கும் இடையே 352 ஆண்டுகள் வேறுபாடு. மன்னன் எவன் என்பதைத் தீர்மானிப்பதில் ஏற்பட்ட வேறுபாடு, ஓர் அரசியை மூன்றரை நூற்றாண்டு முன்னும் பின்னுமாக நகர்த்திவிட்டது. அப்பர் வாழ்ந்த காலத்தவரா அவர், அன்றிச் சுந்தர சோழன் காலத்தவரா என்பதே மாறிவிடுகிறது.

சோழர் காலத்தை விட்டுச் சந்திரகிரிக் கோட்டைக்கு வருவோம். திருப்பதிக்கு மேற்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இக்கோட்டை, விசயநகரப் பேரரசின் இறுதிக் காலத்தில் தலைநகராக இருந்தது. அங்கிருந்த மன்னர்கள் திருவேங்கடமுடையானிடம் கொண்ட பற்றினால் அவன் பெயரையே சூடினர். விளைவு, வேங்கடபதிராயர்கள் பலராயினர்.

அவர்களுள் புகழ்மிக்கவர் 1586 முதல் 1614 வரை ஆண்ட வேங்கடபதிராயர். அவருடைய செப்புத் திருவுருவம் திருமலைக் கோயிலில், கிருட்டிணதேவராயர் உருவங்கள் உள்ள மண்டபத்தில், கைகூப்பிய நிலையில் இருப்பதைக் காணலாம். மற்றொரு வேங்கடபதிராயர் ஏறத்தாழ 1632 முதல் 1642 வரை ஆண்டவர். சென்னை நகரத்தின் வரலாறு இவருடன் தொடர்புடையது. 1639 ஆகஸ்டு 22 அன்று, கிழக்கிந்தியக் கும்பினியைச் சேர்ந்த பிரான்சிசு டே என்பவர் வங்கக் கடலோரத்தில் கோட்டை கட்டுவதற்கு உரிமை பெற்றார். அதனை வழங்கியவர் வேங்கடப்ப நாயக்கர். இவர் தாமர்லா என்னும் இல்லப்பெயரை உடையவர். வேங்கடபதிராயரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தவர். பேரரசர் பெயரும் வேங்கடம், அவருக்கு அடங்கிய நாயக்கர் பெயரும் வேங்கடம்! நாயக்கரின் தந்தை பெயர் சென்னப்பர். அவர் பெயராலேயே சென்னப்பட்டினம் என்னும் பெயர் வந்தது என்பர்.

திருமலையில் கைகூப்பி நிற்கும் அரசரே ஆங்கிலேயருக்குச் சென்னையை எழுதிக் கொடுத்தவர் என்று சுற்றுலாப் பயணிகள் சிலர் கருதுவதுண்டு. அவர் மறைந்து 25 ஆண்டுகள் கழிந்த பின்னரே அந்த ஆவணம் எழுதப்பட்டது. தாம் செய்யாத செயலுக்காக ஒருவர் புகழப்படுவதும் முறையன்று, பழிக்கப்படுவதும் முறையன்று.

இங்கே எண்களும் நமக்கு உதவா. 1586இல் அரியணை ஏறியவரைச் சிலர் முதலாம் வேங்கடர் என்றும், சிலர் இரண்டாம் வேங்கடர் என்றும் எழுதுவர். அச்சுததேவராயரின் மகனாகிய வேங்கடர் என்பார் 1542இல் சில திங்களே ஆண்டார். அவரையும் கணக்கில் சேர்த்தால் எண் ஒன்று கூடும். அவர் வேறு மரபினர் என்று விட்டுவிட்டால் ஒன்று குறையும். ஆகவே 'இரண்டாம் வேங்கடர்' என்று ஒரு நூலில் கண்டால், அந்நூலாசிரியர் எங்கிருந்து எண்ணத் தொடங்கினார் என்பதை முதலில் பாருங்கள். ஆட்சியாண்டுகளையும் உடன் எழுதுவதே பாதுகாப்பானது.

தெலுங்கில் பெரிய, சிறிய என்னும் பொருள்படும் 'பெத்த', 'சின்ன' என்னும் அடைகளைச் சேர்க்கும் வழக்கம் உண்டு. திருவேங்கடமுடையான்மீது கீர்த்தனைகள் இயற்றிய தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியாரின் மகன் பெத்த திருமலாச்சாரியார். அவருடைய மகன் சின்ன திருமலாச்சாரியார். மூவரும் பாடல் புனைந்தவர்கள். மூவர் பாடல்களும் திருமலையில் செப்பேடுகளில் பொறிக்கப்பட்டுக் கிடைத்தன. 'திருமலாச்சாரியார் பாடல்' என்று பொதுவாகச் சொன்னால் தந்தையின் பாட்டா, மகனின் பாட்டா என்பது விளங்காது. 'பெத்த', 'சின்ன' என்னும் சிறு சொற்களே இரு புலவர்களின் உழைப்பைக் காத்து நிற்கின்றன.

இசை உலகம் ஊர்ப்பெயரை முன்னிடும். கருநாடக இசைக்குப் பெருமை சேர்த்த சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையை அறியாதார் இலர். அவருடைய ஆசிரியர் காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை. இந்த நாயனாப் பிள்ளையின் இயற்பெயரும் சுப்பிரமணியமே! ஆசிரியருக்கும் மாணவருக்கும் ஒரே பெயர். ஒருவருக்கு அன்பால் இட்ட பெயரும் மற்றவருக்கு ஊரின் பெயரும் துணைநின்றமையால் இருவரும் தனித்தனியே நினைக்கப்படுகின்றனர். நம் சித்தூரின் பெயரும் இவ்வாறு இசை அரங்குகளில் ஒலிக்கலாயிற்று.

சொற்பொருள்

துஞ்சுதல் – உறங்குதல், இறத்தல்.
பள்ளிப்படை – மறைந்த மன்னரை அடக்கம் செய்த இடத்தில் அல்லது அவர் நினைவாக எழுப்பும் கோயில்.
எடுப்பித்தல் – கட்டுவித்தல்.
பாசறை – படை தங்கும் இடம்.
அடைமொழி – ஒரு பெயரைச் சிறப்பிக்க அல்லது வேறுபடுத்த முன்வரும் சொல்.
பிறழ்தல் – முறை மாறுதல்.

இலக்கணம் அறிவோம்

'இறந்தார்' என்று வெளிப்படையாகக் கூறாமல் 'துஞ்சினார்' என்று கூறுவது மங்கலம் எனப்படும். மங்கலமல்லாத ஒன்றை மங்கலமான சொல்லால் கூறும் இது தகுதி வழக்கின் ஒரு வகை. 'இயற்கை எய்தினார்', 'திருநாடு அலங்கரித்தார்' என்று நாம் இன்றும் கூறுவது இவ்வகையே. உங்கள் தெலுங்கு நண்பர்கள் தம் மொழியில் இதனை எவ்வாறு கூறுவர் என்பதையும் கேட்டறியுங்கள்.

'துஞ்சிய' என்பது இறந்தகாலப் பெயரெச்சம். 'துஞ்சின' என்பதும் அதுவே. 'துஞ்சிய நன்மாறன்' என்னும் தொடரில் 'நன்மாறன்' என்னும் பெயரைக் கொண்டு அது முடிகிறது.

ஆற்றூர் என்பது ஆறு + ஊர் எனப் பிரியும். 'ஆறு' என்பது நெடில்தொடர்க் குற்றியலுகரம். வருமொழியோடு சேரும்போது அதன் றகர ஒற்று இரட்டித்து 'ஆற்று' என்றாகி, இறுதி உகரம் கெட்டு, 'ஆற்றூர்' எனப் புணர்ந்தது. சோறு, வீடு, காடு என்னும் சொற்களிலும் இவ்வாறு ஒற்று இரட்டிப்பதைக் காணலாம்: சோற்றுப்பானை, வீட்டுவாயில், காட்டுவழி.

பயிற்சி

அ. சுருக்கமாக விடை எழுதுக.

1. 'பேரன்' என்னும் சொல்லின் பொருள் பெயர் சூட்டும் வழக்கத்தை எவ்வாறு காட்டுகிறது?
2. மேல்பாடிப் பள்ளிப்படை முதலாம் ஆதித்தனுக்கு உரியதன்று என்பதற்குக் கோயிலின் பெயர் எவ்வாறு சான்றாகிறது?
3. பிருதிவீபதி இருவரையும் ஒருவராகக் கொண்டால் நேரும் முரண் யாது?
4. வேங்கடபதிராயர்களுக்கு இடும் எண் நூலுக்கு நூல் மாறுவதன் காரணத்தை விளக்குக.

ஆ. கீழ்க்காணும் பத்தியில் ஒரே பெயருடைய இருவர் மயங்கக் கூறப்பட்டுள்ளனர். பிழையைக் கண்டறிந்து, இரு தனிப் பத்திகளாகத் திருத்தி எழுதுக.

"பல்லவன் அபராசிதனை வென்ற ஆதித்தன், வீரபாண்டியன் தலை கொண்டவன் எனப் புகழப்பட்டான். அவன் சுந்தர சோழனின் மூத்த மகன். தொண்டைமானாற்றூரில் அவன் உயிர்நீத்தபோது அவன் மகன் பராந்தகன் அங்கு ஆதித்தேச்சுரம் என்னும் கோயிலை எடுப்பித்தான்."

இ. பிரித்து எழுதுக.

ஆற்றூர், ஆனைமேற்றுஞ்சின, பொன்மாளிகை, பள்ளிப்படை.

ஈ. கலந்துரையாடுக.

சங்க காலத்தில் அதியமானைப் பாடிய ஔவையாரும், 'ஆத்திசூடி' இயற்றிய ஔவையாரும் ஒருவரே எனக் கூறும் கதைகள் பல வழங்குகின்றன. இருவரும் வேறு வேறு காலத்தவர் என்பதை எவ்வகைச் சான்றுகளைக் கொண்டு நிறுவலாம்? மொழிநடை, பாடப்பெற்ற மன்னர்கள், நூல் தொகுக்கப்பெற்ற காலம் ஆகியவற்றை வைத்துக் குழுவாகப் பேசுக.

உ. செயல்திட்டம்.

உங்கள் குடும்பத்தில் தாத்தா, பாட்டி ஆகியோரின் பெயரைத் தாங்கியவர் எவரேனும் உளரா என வீட்டில் உள்ள பெரியோரிடம் கேளுங்கள். ஒரே பெயருடைய அவ்விருவரையும் உறவினர் எவ்வாறு வேறுபடுத்தி அழைத்தனர்? ஊர்ப்பெயராலா, இல்லப்பெயராலா, 'பெரிய', 'சின்ன' என்னும் அடையாலா, அன்றித் தொழிலாலா? கேட்டறிந்தவற்றைப் பத்து வரிகளில் எழுதி, குடும்ப வழிமுறையை ஒரு மரமாக வரைந்து, அடுத்த வகுப்பிற்குக் கொண்டு வருக.